கேசட்டையும் இசைத்தட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது எங்கெங்கே மாட்டிக்கொள்வீர்கள்

பதினோரு கேசட் பதிவு செய்து முடித்த பிறகுதான் அந்தக் குக்கர் விசில் காதில் விழுந்தது. பாலக்கோட்டுப் பக்கம் ஒரு திருவிழாவில் அப்பா பதிவு செய்து வைத்திருந்த தெருக்கூத்து அது. கட்டியங்காரன் பேசிக்கொண்டிருக்கிறான், பின்னால் குக்கர் மூன்று விசில் விடுகிறது. களத்துமேட்டில் விடிய விடிய நடந்த கூத்தில் குக்கர் ஏது? எங்கள் வீட்டுச் சமையலறை! கேட்டுக்கொண்டே பதிவு செய்யலாமே என்று ஸ்பீக்கரைத் திறந்து வைத்திருந்தேன். லேப்டாப்புக்குள் இருக்கும் மைக் அந்தச் சத்தத்தை அறையோடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. நான் பாடுபட்டுக் குத்தி வைத்த ஒயர் வழியாக ஒன்றுமே உள்ளே போகவில்லை.

அப்பா மைக் செட் வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை என்று ஊர் ஊராகப் போனவர். அவர் விட்டுப்போனது இரண்டு டிரங்குப் பெட்டி: 140 கேசட், அறுபது சொச்சம் இசைத்தட்டு. எல்லாவற்றையும் ஏற்றி முடிக்க எனக்கு ஐந்தரை மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியதிலேயே போனது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டில் இப்படி ஒரு பெட்டி வைத்திருப்பவர்களுக்கு அந்த மூன்று மாதத்தை மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். டேப்பில் இருக்கும் சத்தம் கோப்பாக மாற நான்கு இடங்களைத் தாண்ட வேண்டும்: பிளேயர், ஒயர், விண்டோஸ், பதிவு மென்பொருள். இதே வரிசையில் ஒவ்வொன்றாகச் சோதித்து வந்தால் கோளாறு எங்கே என்பது அரை மணியில் தெரிந்துவிடும். நான் கடைசியில் இருப்பதை முதலில் பிடித்துக்கொண்டு முட்டினேன்.

1. கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள், முதலில் ஹெட்போன்

பிளேயரில் ஹெட்போனைக் குத்தி ஐந்து நிமிடம் கேளுங்கள். இங்கேயே சத்தம் மொத்தையாகவோ, ஒரு காதில் மட்டுமோ, இழுத்து இழுத்தோ வந்தால் கம்ப்யூட்டரில் என்ன மாற்றினாலும் சரியாகாது.

கேசட்டை உள்ளே போடும் முன் ஒரு வேலை இருக்கிறது. டேப் வெளியே தெரியும் பக்கத்துக்கு நேர் எதிர் விளிம்பில், இரண்டு மூலையிலும் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கும். இரண்டையும் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி உடைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு அந்தக் கேசட்டில் ரெக்கார்ட் பட்டன் அமுங்காது. ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த பழைய டூ-இன்-ஒன்னில் பிளே பட்டனும் ரெக்கார்ட் பட்டனும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நான் இரண்டையும் சேர்த்து அமுக்கி, அத்தை தாலாட்டுப் பாடிய டேப்பில் நாற்பது விநாடியை அழித்தவன்.

அடுத்தது ஹெட். டேப் உரசிப்போகும் அந்தப் பளபளப்பான உலோகக் கட்டியில் பழுப்பாக ஏதாவது படிந்திருந்தால் சத்தம் போர்வைக்குள் இருந்து வருவதுபோல் வரும். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, ஹெட்டையும் பக்கத்தில் இருக்கும் ரப்பர் உருளையையும் துடையுங்கள். மொபைல் சர்வீஸ் கடையில் ‘ஐபிஏ’ என்று கேட்டால் தருவார்கள். தின்னர், பெட்ரோல், சானிடைசர் எதுவும் வேண்டாம். குச்சி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை துடைக்க வேண்டும். எனக்கு முதல் நாள் ஒன்பது குச்சி ஆனது.

மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, ஆனால் சக்கரம் சுற்றவில்லை என்றால் பெல்ட் போய்விட்டது. பழைய பெல்ட் உருகித் தார் போல ஒட்டிக்கொண்டிருக்கும். அதை முழுக்கச் சுரண்டி, அதே ஐபிஏவால் துடைத்த பிறகுதான் புதியதை மாட்ட வேண்டும். பழையதின் ஒரு துண்டையாவது கையோடு எடுத்துப் போனால் கடையில் அளவு பார்த்துத் தருவார்கள்.

இருபது முப்பது வருடம் சும்மா கிடந்த கேசட்டை எடுத்ததும் பதிவு செய்யாதீர்கள். ஒருமுறை கடைசிவரை முன்னால் ஓட்டி, திரும்பப் பின்னால் சுற்றிவிடுங்கள். டேப் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் இதிலேயே விட்டுக்கொடுக்கும். 60 நிமிட, 90 நிமிடக் கேசட்டுக்கு இது சரி. 120 நிமிடக் கேசட்டின் டேப் மிக மெல்லியது. அதை வேகமாக ஓட்டாமல் நேராகப் பிளே செய்யுங்கள். ஜன்னல் வழியே பார்க்கும்போது சுருளின் மேல் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதைத் தனியே எடுத்து வைத்துக் கடைசியில் பாருங்கள். அதே பிளேயரில் ஓட்டினால் அடுத்த கேசட்டுக்கும் அது தொற்றும்.

ஹெட் சுத்தமாக இருந்தும் மொத்தையாகவே கேட்டால் இரண்டு காரணம் இருக்கலாம். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் குட்டிப் பஞ்சுப்பட்டை கேசட்டுக்குள் உதிர்ந்திருக்கும். திருகாணி போட்ட கேசட் என்றால் திறந்து, இன்னொரு உதவாத கேசட்டின் பட்டையை மாற்றலாம். அடுத்த காரணம் ஹெட்டின் சாய்வு. ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங்கோடு ஒரு சின்னத் திருகாணி இருக்கும். கேட்டுக்கொண்டே கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினால் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் பளிச்சென்று தெளியும் ஒரு இடம் வரும். கைவைக்கும் முன் திருகாணி இருந்த நிலையை நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோடு போடாமல் திருப்பிவிட்டு நான் பட்டது தனிக்கதை.

2. லேப்டாப்பில் இருக்கும் ஓட்டை இதற்கு உதவாது

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இப்போதைய லேப்டாப்பில் ஒரே ஒரு வட்ட ஓட்டை இருக்கும். அது ஹெட்போனுக்கும், போனில் பேசுவதற்கான மைக்குக்கும் சேர்த்தது. அதில் உள்ளே போவது மைக் சிக்னல் மட்டும், அதுவும் ஒரே சேனல், அதாவது இடம் வலம் பிரியாத ஒற்றைச் சத்தம். பிளேயரின் ஒயரை அதில் குத்தினால் ஒன்று எதுவும் பதிவாகாது, இல்லை கரகரவென்று உடைந்துபோய்ப் பதிவாகும்.

இருநூறு, இருநூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும் பென் டிரைவ் அளவு யுஎஸ்பி சவுண்ட் கார்டும் அநேகமாக இதே கதைதான்: பச்சை ஓட்டை ஹெட்போன், ரோஸ் ஓட்டை ஒற்றைச் சேனல் மைக். கடையில் “ரெக்கார்டிங் வருமா?” என்று கேட்டேன். “வரும்ணா, எல்லாமே வரும்” என்றான் பையன். அவன் பொய் சொல்லவில்லை. மைக் ரெக்கார்டிங் வரத்தான் செய்தது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி “ஸ்டீரியோ லைன்-இன் இருக்கா?” என்பது. பிளேயரின் சத்தத்தை இடம், வலம் என்று இரண்டு சேனலாக உள்ளே வாங்கும் ஓட்டை அது. சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்சிஏ ஓட்டை, அதன் மேல் ‘இன்’ என்று எழுதியிருக்க வேண்டும். பெரிங்கர் யுசிஏ202 இந்த வகைதான். வேறு கம்பெனிகளிலும் உண்டு. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் தேடலாம், இல்லை ஆன்லைனில் வாங்கலாம். எங்கே வாங்கினாலும் பில்லை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். இந்த மாதிரிப் பெட்டி கெட்டால் பில் இல்லாமல் வாரண்டி பேச முடியாது. வெயிலில் அழிந்துபோகும் வழவழப்புத் தாள் பில் என்றால் அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள்.

வீட்டில் பழைய டெஸ்க்டாப் இருந்தால் இந்தச் செலவே வேண்டாம். அதன் பின்னால் நீல நிற ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் லைன்-இன், ஸ்டீரியோ. அதன் பக்கத்து ரோஸ் நிற ஓட்டை மைக், அதில் குத்தாதீர்கள்.

பிளேயரில் ‘லைன் அவுட்’ இருந்தால் அதிலிருந்து எடுங்கள். இல்லையென்றால் ஹெட்போன் ஓட்டையில் இருந்து எடுக்கலாம்; வால்யூமைப் பாதிக்கும் கீழே வைத்து ஆரம்பிக்க வேண்டும். ஸ்பீக்கர் முனையில் இருந்து மட்டும் ஒருபோதும் எடுக்காதீர்கள். மைக் செட் ஆம்ப்ளிஃபயர் என்றால் இன்னும் மோசம். கூம்பு ஸ்பீக்கருக்குப் போகும் 100 வோல்ட் லைன் அதில் இருக்கும். அப்பாவின் ஆம்ப்ளிஃபயரில் அந்த முனையைத்தான் தெரியாமல் பிடித்துக் கொடுத்தேன். அந்த 250 ரூபாய் சவுண்ட் கார்டு ஒரு சின்னப் ‘பட்’டோடு முடிந்தது. லேப்டாப் தப்பியது என் அதிர்ஷ்டம்.

எனக்கு ஆன செலவு: யுஎஸ்பி பெட்டி 2,900, தட்டுக்கான பிரீஆம்ப் (சிக்னலை ஏற்றித் தரும் கருவி, 7-இல் வரும்) 1,700, ஒயர்கள் 250, ஐபிஏ 180, இரண்டு பெல்ட் 200, கருகிய கார்டு 250. மொத்தம் 5,480 ரூபாய். ஹார்ட் டிஸ்க் இதில் சேரவில்லை.

3. விண்டோஸ் உங்களுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு செய்வது

யுஎஸ்பி பெட்டியைக் குத்தியதும் விண்டோஸ் அதற்குப் பெரும்பாலும் ‘மைக்ரோஃபோன்’ என்று பெயர் வைத்துவிடும். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஆனால் மைக் என்று நினைத்துக்கொண்டு அது செய்யும் வேலைகளை நிறுத்த வேண்டும்.

முதலில் அனுமதி. செட்டிங்ஸில் பிரைவசிக்குள் மைக்ரோஃபோன் பக்கத்துக்குப் போங்கள். மேலே இருக்கும் சுவிட்ச், கீழே டெஸ்க்டாப் ஆப்களுக்கான சுவிட்ச் இரண்டும் ஆனில் இருக்க வேண்டும். கீழே இருப்பது ஆஃபில் இருந்தால் மென்பொருள் ஓடும், விநாடி நகரும், ஆனால் பதிவில் நேர்கோடு மட்டும்தான் வரும். இந்த ஒரு சுவிட்சுக்காக நான் விண்டோஸையே திரும்ப நிறுவினேன்.

பிறகு கன்ட்ரோல் பேனலில் சவுண்ட், அதில் ரெக்கார்டிங் பக்கம். உங்கள் பெட்டியின் பெயரைத் தேர்ந்து பிராப்பர்ட்டீஸ் திறந்து, அட்வான்ஸ்டு பக்கத்தில் ‘2 சேனல், 16 பிட், 44100 ஹெர்ட்ஸ்’ என்று வையுங்கள். இங்கே ஒரு சேனல் என்று இருந்தால் என்ன ஒயர் போட்டாலும் ஸ்டீரியோ வராது. என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்று ஏதாவது இருந்தால் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இரைச்சல் நீக்குவதும் சத்தத்தைத் தானாக ஏற்றி இறக்குவதும் போன் பேசுவதற்குச் சரி. பாட்டில் அது செய்யும் அட்டகாசம் என்னவென்றால், நாதஸ்வரம் நீளமாக ஒரு சுரத்தில் நின்றால் அதை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து மெதுவாக அமுக்கிவிடும்.

அதே சவுண்ட் ஜன்னலில் கம்யூனிகேஷன்ஸ் பக்கத்தில் ‘எதுவும் செய்யாதே’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப்பின் சொந்த மைக்கை ரெக்கார்டிங் பட்டியலில் வலது கிளிக் செய்து டிஸேபிள் செய்துவிடுங்கள். குக்கர் விசிலுக்கு இதுதான் நிரந்தரத் தீர்வு.

4. ஆடாசிட்டி, அப்புறம் முப்பது விநாடிச் சோதனை

மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆடாசிட்டி இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதன் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள். ‘இலவச டவுன்லோட்’ என்று மின்னும் மற்ற தளங்களில் கூடவே வேண்டாததும் வந்து சேரும்.

ஆடியோ செட்டப் பட்டனில் ரெக்கார்டிங் டிவைஸாக உங்கள் பெட்டியையும், சேனலில் 2 ஸ்டீரியோவையும் தேர்ந்தெடுங்கள். பெட்டியின் பெயர் பட்டியலில் இல்லையா? ஆடாசிட்டியைத் திறந்த பிறகு பெட்டியைக் குத்தியிருப்பீர்கள். அது தானாகக் கண்டுகொள்ளாது. அதே பட்டனில் ‘ரீஸ்கேன்’ இருக்கிறது. அதை அமுக்குங்கள், இல்லை மூடித் திறங்கள். டிவைஸைத் திறக்க முடியவில்லை என்று பிழைச்செய்தி வந்தால் பெரும்பாலும் விண்டோஸிலும் ஆடாசிட்டியிலும் ஹெர்ட்ஸ் எண் பொருந்தவில்லை என்று அர்த்தம். ஆடாசிட்டியில் புராஜெக்ட் ரேட்டையும் 44100 ஆக்குங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ‘ஹோஸ்ட்’ என்ற இடத்தில் எம்எம்இ-யை மாற்றி டைரக்ட்சவுண்ட் அல்லது வசாபி வைத்துப் பாருங்கள்.

இப்போது சோதனை. முப்பது விநாடி பதிவு செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பின் உடம்பில் விரல் நகத்தால் ‘டக் டக்’ என்று இரண்டு தட்டு தட்டுங்கள். பதிவை ஹெட்போனில் கேளுங்கள். அந்த டக் டக் கேட்டால் நீங்கள் பதிவு செய்துகொண்டிருப்பது உங்கள் அறையை. பாட்டு மட்டும் கேட்டால் வழி சரி. ஒவ்வொரு நாளும் முதல் கேசட்டுக்கு முன்னால் இந்த முப்பது விநாடியைச் செய்துவிடுங்கள். விண்டோஸ் இரவோடு இரவாக அப்டேட் ஆகி டிவைஸை மாற்றி வைத்துவிடுவது எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது.

லெவல்: கேசட்டில் மிகச் சத்தமான இடத்தைத் தேடிப் போட்டுப் பாருங்கள். மீட்டர் மைனஸ் 6 டெசிபெல் பக்கம் வந்து போனால் போதும். சிவப்பைத் தொட்டால் அந்த இடம் வெட்டுப்பட்டுவிடும். பிறகு எந்த மென்பொருளும் அதை முழுசாகத் திருப்பித் தராது. சில யுஎஸ்பி பெட்டிகளில் லெவலைக் குறைக்க வழியே இருக்காது. அப்போது பிளேயரின் வால்யூமில்தான் குறைக்க வேண்டும்.

5. அப்படியும் தகராறு செய்தால்

ஒரு பக்கம் மட்டும் பதிவாகிறது: பெட்டியில் சிவப்பு வெள்ளை ஒயர்களை இடம் மாற்றிக் குத்துங்கள். மௌனமான பக்கமும் மாறினால் கோளாறு ஒயரிலோ பிளேயரிலோ. மாறாமல் அதே பக்கம் நின்றால் பெட்டியிலோ விண்டோஸிலோ. பாதி நேரம் ஒயர்தான்.

இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கிறது: பதறாதீர்கள். கூத்து, பஜனை, வீட்டுப் பேச்சு போன்றவை ஒற்றை மைக்கில் பதிவானவை. அவை அப்படித்தான் இருக்கும். கடையில் விற்ற சினிமாப் பாட்டுக் கேசட் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதிலும் இரண்டு கோடும் ஒன்றே என்றால் 3-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

‘உம்ம்’ என்ற சத்தம்: இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நம் கரண்டின் 50 ஹெர்ட்ஸ்தான் அது. முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். சத்தம் நின்றால் பேட்டரியிலேயே பதிவு செய்யுங்கள், அதோடு வேலை முடிந்தது. நிற்கவில்லையா? பிளேயரையும் லேப்டாப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் குத்துங்கள். மின்விசிறி ரெகுலேட்டரை முழு வேகத்தில் வையுங்கள், இல்லை விசிறியை நிறுத்துங்கள். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் நடு வேகத்தில் இருந்தால் ‘ர்ர்ர்’ என்று ஒரு அரிப்பு வரும். ஆடியோ ஒயரைக் கரண்ட் ஒயரோடு சேர்த்துச் சுருட்டாதீர்கள்.

அதற்கும் போகாவிட்டால் எர்த். எங்கள் பக்கம் கோடையில் மண் காய்ந்து எர்த் குழி வறண்டுவிடும். அப்பா திருவிழாவுக்கு மைக் செட் போடும்போது எர்த் கம்பி அடித்த இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்வார். சின்ன வயதில் அதைச் சாங்கியம் என்று நினைத்திருந்தேன். போன சித்திரையில் வீட்டு எர்த் குழியில் இரண்டு குடம் ஊற்றினேன், உம்ம் பாதியாகக் குறைந்தது. இரைச்சல் போகிறது என்று யாராவது மூன்றாவது பின்னை உடைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். இரைச்சல் போகும், ஷாக் அடிக்கும்.

எனக்குக் கடைசியில் கைகொடுத்தது இன்னும் எளிய வழி. டூ-இன்-ஒன்னின் அடியில் பெரிய பேட்டரி போடும் இடம் இருக்கிறது அல்லவா? அதில் புது பேட்டரி போட்டு, லேப்டாப்பையும் பேட்டரியில் ஓட விட்டேன். கரண்டே இல்லை, உம்மும் இல்லை. பேட்டரி தீரத் தீரப் பாட்டு மெதுவாகும், அதை மட்டும் கவனித்துக்கொள்ள வேண்டும்.

இடையிடையே துண்டு துண்டாக விட்டுப்போகிறது: ஆடாசிட்டி பதிவில் இடைவெளி விழுந்த இடங்களில் தானே ‘டிராப்அவுட்’ என்று செய்தி காட்டும். யுஎஸ்பி ஹப் வழியாகக் குத்தியிருந்தால் எடுத்து நேராக லேப்டாப்பில் குத்துங்கள். பதிவு ஓடும்போது வைஃபையை அணையுங்கள். அப்டேட்டும் ஆன்லைன் சேமிப்பும் பின்னால் ஓடுவது நிற்கும். பவர் ஆப்ஷனில் ‘யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’டை டிஸேபிள் செய்யுங்கள், ஸ்லீப்பை ‘நெவர்’ என்று வையுங்கள். பழைய மெதுவான லேப்டாப் என்றால் ஆடாசிட்டியில் பஃபரை 100 மில்லிசெகண்டில் இருந்து 200-க்கு ஏற்றிப் பாருங்கள்.

பாட்டு வேகமாக அல்லது மெதுவாக ஓடுகிறது: பிளேயரின் தவறு. ஹெர்ட்ஸைத் தொடாதீர்கள். பதிவு முடிந்த பிறகு ஆடாசிட்டியில் வேகத்தை மாற்றும் வசதியில் சரிசெய்யலாம். ஆனால் வேகம் ஏறி இறங்கி அலைந்தால் அது பெல்ட், இல்லை வோல்டேஜ். மும்முனைக் கரண்ட் வந்து தோட்டத்து மோட்டார்கள் ஓட ஆரம்பிக்கும் நேரத்தில் எங்கள் வீட்டில் பாடகர் யாராக இருந்தாலும் சுதி இறங்கிவிடுவார்.

6. நேரத்தை இப்படிக் கணக்குப் போடுங்கள்

60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம்தான். வேகமாக ஓட்டிப் பதிவு செய்யும் குறுக்கு வழியில் இறங்காதீர்கள். திருப்புவது, பெயர் வைப்பது, கேட்டுப் பார்ப்பது என்று இன்னொரு கால் மணி. வேலைக்குப் போய்க்கொண்டே நாளுக்கு இரண்டு கேசட் முடித்தேன். 140 கேசட்டுக்கு 70 நாள்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளை முதல் நாள் செய்தித்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பதிவு செய்தது இரவு ஒன்பதரைக்கு மேல். பிரிட்ஜ் ஆன் ஆகும்போதும் மோட்டார் ஸ்டார்ட்டர் அடிக்கும்போதும் பதிவில் விழும் ‘டிக்’ அப்போது குறைவு. ஆடாசிட்டியில் டைமர் ரெக்கார்ட் உண்டு. 30 நிமிடப் பக்கத்துக்கு 32 நிமிடம் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். டேப் நீளம் உறையில் எழுதியதைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

7. தட்டுகளுக்கு மட்டும்

தட்டில் இருந்து வரும் சிக்னல் மிகச் சிறியது. காந்த வகை ஊசியில் சில மில்லிவோல்ட்தான். அதை நேரே லைன்-இன்னில் கொடுத்தால் கொசு பாடுவதுபோல் கேட்கும், பாஸ் இருக்காது. நடுவில் ஃபோனோ பிரீஆம்ப் வேண்டும். தட்டில் வெட்டும்போது குறைத்த பாஸைத் திருப்பிக் கொடுப்பதும் அதுதான். பிளேயரிலேயே பிரீஆம்ப் இருந்தால் பின்னால் ‘ஃபோனோ / லைன்’ சுவிட்ச் இருக்கும். அதை லைனில் வைத்து நேரே கொடுங்கள். இரண்டு பிரீஆம்பும் சேர்ந்துவிட்டால் சத்தம் உடைந்து நாசமாகும். பிளேயரில் இருந்து தனியாக ஒரு மெல்லிய ஒயர் தொங்கினால் அது எர்த் ஒயர். பிரீஆம்பின் திருகாணியில் மாட்டுங்கள். மாட்டாவிட்டால் மேலே சொன்ன உம்ம் நாலு மடங்காக வரும்.

வினைல் தட்டை மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, அழுக்கு போகவில்லை என்றால் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த துணியால் கோட்டின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். நடுத்தாளில் தண்ணீர் படக் கூடாது. கனமாக, தட்டினால் ஓடு போல ஒலிக்கும் பழைய 78 சுற்றுத் தட்டு இருக்கிறதே, அது அரக்குக் கலவை. அதில் ஆல்கஹால் பட்டால் கரையும். ஐபிஏ பாட்டிலை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதன் கோடும் அகலமானது, ஊசி வேறு. எல்பி ஊசியை வைத்தால் பள்ளத்தின் அடியில் போய் உரசும்; இரைச்சல்தான் அதிகம் வரும். உங்கள் பிளேயரில் 78 வேகம் இல்லை, சரியான ஊசி மட்டும் கிடைத்தது என்றால் 45-இல் ஓட்டிப் பதிவு செய்து, ஆடாசிட்டியில் வேகத்தை 73.3 சதவீதம் ஏற்றுங்கள்.

8. சுத்தம் செய்வது

குறைவாகச் செய்யுங்கள். ஆடாசிட்டியின் இரைச்சல் நீக்கியில் டெசிபெல் எண்ணை 6-இல் வைத்து, பாட்டு தொடங்கும் முன் வரும் வெறும் ‘ஸ்ஸ்’ சத்தத்தை மாதிரியாகக் கொடுங்கள். அதற்கு மேல் போனால் ஜால்ரா தண்ணீருக்குள் இருந்து ஒலிக்கும். தட்டின் ‘டக் டக்’குக்குக் கிளிக் ரிமூவல் போதும். தொடாத மூலப் பதிவை எப்போதும் தனியே வைத்திருங்கள். என் காது ஆறு மாதத்தில் மாறிவிட்டது, பத்துப் பதிவை முதலில் இருந்து சுத்தம் செய்தேன்.

9. சேமிப்பும் நோட்டும்

‘சேவ்’ செய்தால் ஆடாசிட்டிக்கு மட்டும் புரியும் புராஜெக்ட் கோப்புதான் வரும். அதை பென் டிரைவில் போட்டுக் காரில் குத்தினால் பாடாது. ‘எக்ஸ்போர்ட்’ செய்ய வேண்டும். மூலத்துக்குத் தரம் குறையாத வேவ் அல்லது ஃபிளாக், கேட்பதற்கு அளவில் சிறிய எம்பி3. ஸ்டீரியோ வேவ் ஒரு மணி நேரத்துக்கு 635 எம்பி பிடிக்கும். என் 140 கேசட்டும் கிட்டத்தட்ட 90 ஜிபி வந்தது. ஆடாசிட்டி வேலை செய்யும்போது அதைப்போல இரண்டு மடங்கு இடம் எடுக்கும். இடம் தீர்ந்தால் பதிவு பாதியில் நின்றுவிடும் என்பதால் டிரைவில் 20 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். இரண்டு ஹார்ட் டிஸ்கில் போட்டேன். ஒன்று தங்கை வீட்டில் இருக்கிறது, ஓசூரில்.

கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்கலாம், விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். ஆனால் சில கார் ஸ்டீரியோக்களில் கட்டம் கட்டமாகத் தெரியும். நான் முன்னால் ஒரு எண் வைத்தேன்: 017அ, 017ஆ என்று. அதே எண்ணைக் கேசட்டின் மேல் பென்சிலால் எழுதி, ஒரு நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே என்ன இருக்கிறது, எந்த நாள் பதிவு செய்தேன், எந்த நிமிடத்தில் டேப் கசங்கியது என்று குறித்தேன். உறைத்தாளின் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்து அதே எண்ணில் சேமியுங்கள். அப்பா கையெழுத்தில் ‘கர்ண மோட்சம், 2-ஆம் ராத்திரி’ என்று இருந்த தாளைத் தொட்டதுமே மடிப்பில் கிழிந்தது. படம் எடுத்திருந்ததால் பிழைத்தது.

சட்டம் பற்றி ஒரு வரி. கடையில் வாங்கிய கேசட்டைச் சொந்தமாகக் கேட்க நகல் எடுப்பதற்கு 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. அதை யூடியூபில் ஏற்றுவது வேறு விஷயம். கூத்துப் பதிவென்றால் ஆடியவர்களுக்கும் உரிமை உண்டு. ஏற்றும் முன் அந்த ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

10. கடையில் கொடுப்பதாக இருந்தால்

நேரமில்லாதவர்கள் கொடுக்கலாம், தப்பில்லை. முதலில் ஒரே ஒரு முக்கியமில்லாத கேசட்டைக் கொடுத்து வாங்கிப் பாருங்கள். வேவ் கோப்பு தருவார்களா, எம்பி3 மட்டுமா என்று முதலிலேயே கேளுங்கள். விலை கேசட்டுக்கா மணிக்கா, பாட்டைத் தனித்தனியாக வெட்டித் தர வேறு காசா என்பதையும் பேசிவிடுங்கள். எண் போட்ட பட்டியலை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் அவர்கள் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். நான் ஒரு ஊரில் பட்டியல் இல்லாமல் இருபது கேசட் கொடுத்தேன். பத்தொன்பது திரும்பி வந்தது. “நீங்க குடுத்ததே அவ்வளவுதாங்ண்ணா” என்றார் கடைக்காரர். எந்தக் கேசட் வரவில்லை என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை.

கூரியரில் அனுப்பினால் கேசட்டை முழுக்க ஒரு பக்கமாகச் சுற்றி, டப்பாவோடு துணியில் சுற்றி வையுங்கள். தட்டுகளைக் கூரியரில் அனுப்பாதீர்கள். மடியில் வைத்துக்கொண்டு நீங்களே பஸ்ஸில் போங்கள்; தொப்பூர் வழியாகச் சேலம் போனால் ஜன்னல் ஓரத்து வெயில் படாத பக்கமாகப் பார்த்து உட்காருங்கள்.